லியு சியாங்: பெய்ஜிங்கில் விலகியதும் லண்டனில் விழுந்ததும் ஒரே காயத்தாலா?

கொங்குத் தடகளம் கேட்டது:

வணக்கம். 110 மீட்டர் தடை ஓட்டத்தின் நுணுக்கம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

சீன வீரர் லியு சியாங் என்றதும் பெரும்பாலோருக்கு மூன்று காட்சிகள்தான் நினைவுக்கு வரும். 2004 ஏதென்ஸில் 12.91 விநாடியில் ஓடி, காலின் ஜாக்சனின் உலக சாதனையைச் சமன் செய்து தங்கம் வென்றது. 2008 பெய்ஜிங்கில், சொந்த மண்ணில், தகுதிச் சுற்றில் ஒரு தடையைக்கூடத் தாண்டாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனது. 2012 லண்டனில் முதல் தடையிலேயே விழுந்து, பிறகு ஒற்றைக்காலில் தத்தித் தத்திப் போய்க் கடைசித் தடையை முத்தமிட்டது.

அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரு பக்கம் "அழுத்தம் தாங்காமல் ஓடிவிட்டார்" என்பார்கள், இன்னொரு பக்கம் "பாவம்" என்பார்கள். இரண்டுமே அவருக்குச் செய்யும் நியாயமாக எனக்குப் படவில்லை. உடம்பில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் சரியாக மதிக்க முடியும்.

பெய்ஜிங்கில் வலியோடு ஓடிப் பார்த்திருக்க முடியாதா? லண்டனில் தடையில் இடித்ததால் தசைநார் அறுந்ததா, அறுந்ததால் இடித்தாரா? முதல் தடைக்கு 8 ஸ்டெப் ஓடிக்கொண்டிருந்தவர் 7 ஸ்டெப்புக்கு மாறியதுதான் வினையாகிவிட்டது என்கிறார்களே, அது உண்மையா? அந்த மூன்று காட்சிகளைத் தவிர்த்து அவருடைய எந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

---

ஒன்பதாவது தடை எழுதியது:

லண்டன் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கான விடை வீடியோவிலேயே இருக்கிறது. எந்தக் கால் இடித்தது, எந்தக் கால் அறுந்தது என்று பிரித்துப் பார்த்தால் போதும்.

லியு சியாங்குக்கு முதலில் தடையைத் தாண்டும் லீட் லெக் இடது கால். அப்படியென்றால் தரையை உதைத்து எழும்பும் கால் எப்போதும் வலதுதான். லண்டனில் தடையில் மோதியது இடது பாதம். அறுந்ததோ வலது குதிகால் தசைநார், அதாவது அக்கிலிஸ். தடை அந்த வலது காலைத் தொடவே இல்லை. உதைக்கிற கணத்தில் வலது கால் பலத்தைக் கொடுக்கவில்லை, அதனால் இடுப்பு தேவையான உயரத்துக்கு எழவில்லை, அதனால் முன்னால் போன இடது பாதம் பலகையில் நேராகப் போய் இடித்தது. தடை உயரம் 1.067 மீட்டர். நல்ல ஓட்டக்காரர் அதை உரசுகிற மாதிரிதான் தாண்டுவார், கூடுதலாக ஒரு சாண் உயரம் வைத்துக்கொண்டு தாண்டுபவர் யாரும் முன்னணிக்கு வர முடியாது. ஆகவே உந்துதலில் சிறிது குறைந்தாலும் பாதம் பலகைக்குள் போய்விடும். விழுந்தது விளைவு. காரணம் அதற்கு முந்தைய நொடியின் ஒரு சிறு பங்கில், தரையில் நடந்தது.

இன்னொன்று. சாதாரணமாகத் தடையைத் தட்டுவது விழும் அளவுக்குப் பெரிய விஷயமே இல்லை. பலகையின் நடு மேல்பகுதியில் 3.6 முதல் 4 கிலோ விசை கொடுத்தால் சாய்ந்துவிடும்படிதான் அடியில் எதிரெடை வைத்திருப்பார்கள். அப்போதைய விதிப்படி, வேண்டுமென்றே செய்யாதவரை தடையைச் சாய்த்ததற்காகத் தகுதி நீக்கமும் கிடையாது. மூன்று நான்கு தடைகளைச் சாய்த்துவிட்டுப் பதக்கம் வாங்கியவர்கள் உண்டு. சாய்க்கப்படும் தடை நேரத்தைத் தின்னும், ஆளைக் கவிழ்ப்பது அரிது.

அந்த வலது கால் எவ்வளவு சுமக்கிறது என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 13.72 மீட்டர். தடைகளுக்கு இடையே 9.14 மீட்டர். பத்தாவது தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 14.02 மீட்டர். தடைக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் முன்னால் உதைத்து எழும்பி, 1.4 மீட்டர் தாண்டி இறங்குகிறார்கள். மிச்சம் இருக்கும் ஐந்தரை மீட்டர் சொச்சத்தில் மூன்று ஸ்டெப். இடது காலில் இறங்கினால் அடுத்து வலது, இடது, மறுபடி வலது என்று வந்து அந்த வலதால் உதைக்க வேண்டும். ஓர் இடைவெளிக்கு வலது பாதம் இரண்டு முறை தரையைத் தொடும், அதில் ஒன்று உச்சபட்ச உதை. ஒரு பந்தயத்தில் பத்து உதை, பத்தும் வலதில். ஓய்வாக ஓர் உதையை இடது காலுக்கு மாற்றிக்கொடுக்க இந்த ஓட்டத்தில் வழியே கிடையாது. 400 மீட்டர் தடை ஓட்டத்தில் காலை மாற்றித் தாண்டுபவர்கள் இருக்கிறார்கள். 110-இல் அந்த வசதி இல்லை.

இதை வைத்துப் பெய்ஜிங்குக்கு வாருங்கள். அந்த ஒலிம்பிக்கில் இந்தப் போட்டிக்கு நான்கு சுற்றுகள்: ஆகஸ்ட் 18 தகுதிச் சுற்று, பிறகு காலிறுதி, அரையிறுதி, 21 அன்று இறுதி. தங்கத்துக்கு நான்கு நாளில் 40 உதை. "வலியோடு ஒரு ஓட்டம் ஓடியிருக்கலாமே" என்பவர்கள் மீதி 30 உதைகளை மறந்துவிடுகிறார்கள். அன்றைக்கு அவர் ஓடாமலே போனார் என்பதும் முழு உண்மை இல்லை. வேறொருவர் முன்கூட்டியே கிளம்பியதால் பந்தயம் நிறுத்தப்பட்டது. துப்பாக்கிச் சத்தத்துக்கு லியுவும் பிளாக்கிலிருந்து (கால் ஊன்றிக் கிளம்பும் கட்டை) முழு வேகத்தில் எழுந்து சில ஸ்டெப் ஓடினார். அந்தச் சில ஸ்டெப்பிலேயே விடை கிடைத்துவிட்டது.

அப்போது அவருக்கு 8 ஸ்டெப் தொடக்கம். அதில் வலது கால்தான் பிளாக்கில் முன்னால் இருக்கும். ஆக, பிளாக்கில் அதிக நேரம் தள்ளுவதும் வலது, தடைக்கு உதைப்பதும் வலது.

---

பிசியோ தென்காசி எழுதியது:

மேலே சொன்னதற்கு உடற்கூறு பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

அக்கிலிஸ் வலி எல்லாமே ஒன்றல்ல. குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே, தசைநாரின் நடுப்பகுதியில் வருவது ஒரு வகை. தசைநார் எலும்போடு ஒட்டும் இடத்திலேயே வருவது இன்னொரு வகை. லியுவுக்குப் பெய்ஜிங் சமயத்தில் பயிற்சிக் குழு பொதுவில் சொன்னது இந்த இரண்டாவது வகை: வலது குதிகாலில் தசைநார் சேரும் இடத்தில் எலும்புப் படிவு, அதைச் சுற்றி அழற்சி. பல ஆண்டுகளாக இருந்துவந்த கோளாறு, அந்த வாரத்தில் புதிதாக வந்ததில்லை.

இந்த வகையின் கொடுமை என்னவென்றால், பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போது தசைநார் இழுபடுவதோடு நிற்காமல் குதிகால் எலும்பின் மூலையில் அழுந்தவும் செய்யும். இழுவையும் நசுக்கலும் சேர்ந்து வரும். இப்போது "செட்" நிலையில் முன் பிளாக்கில் இருக்கும் பாதத்தைக் கற்பனை செய்யுங்கள். கணுக்கால் நன்றாக மடங்கி, குதிகால் பின்னுக்கு இறங்கி, முழு உடம்பும் அதன் மேல் காத்திருக்கிறது. ஸ்பைக் ஷூவில் குதிகாலுக்கு உயரமும் இல்லை, முன்பாதம் மேலே தூக்கியபடி இருக்கும். இந்தக் காயத்துக்கு இதைவிட மோசமான நிலையை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. நன்றாக நடப்பவர், மெதுவாக ஓடக்கூட முடிகிறவர், பிளாக்கில் இருந்து முதல் இரண்டு மூன்று ஸ்டெப்பில் துடித்துப் போவது இதனால்தான். பார்வையாளர் கண்ணுக்கு அது "திடீர்" நாடகமாகத் தெரியும்.

"ஊசி போட்டு ஓடியிருக்கலாம்" என்பதும் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. ஸ்டீராய்டைத் தசைநாருக்குள் செலுத்தினால் அது நாரைப் பலவீனப்படுத்தும், அறுந்துபோகும் ஆபத்து கூடும். மரத்துப்போகும் ஊசி வலியை மறைக்கும், ஆனால் "இதற்கு மேல் இழுக்காதே" என்று மூளைக்குப் போகிற எச்சரிக்கையும் கூடவே நின்றுவிடும். ஓடும்போது அக்கிலிஸ் தாங்குவது உடல் எடையின் 6 முதல் 8 மடங்கு. உணர்வில்லாத காலில் அந்தச் சுமையை நாற்பது முறை ஏற்றச் சொல்வது எந்த மருத்துவரும் செய்யக் கூடாத காரியம். 2008-இல் அவர் எடுத்தது சரியான முடிவு. அதற்குப் பிறகு அவர் ஓடிய நான்கு ஆண்டுகள் அந்த முடிவினால் கிடைத்தவை.

அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் அறுவை சிகிச்சை. 2009 செப்டம்பர் 20, ஷாங்காய்: 13.15. டெரன்ஸ் ட்ராமலும் 13.15, நூலிழையில் ட்ராமல் முதலிடம், லியு இரண்டாமிடம். அறுவை சிகிச்சையிலிருந்து ஒன்பது மாதம். எலும்புப் படிவை அகற்றும் சிகிச்சையில் தசைநாரை ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து ஓரளவு பிரித்துவிட்டு மறுபடி பொருத்த வேண்டிவரும். அப்படிப்பட்ட சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதத்தில் சாதாரண ஆள் மெதுவோட்டம் திரும்பினாலே நல்ல முன்னேற்றம் என்போம். அவருடைய மொத்த வாழ்க்கையில் என்னை அதிகம் வியக்க வைக்கும் எண் உலக சாதனையான 12.88 அல்ல, இந்த 13.15.

இதைப் படிப்பவர்களில் குதிகால் வலியோடு ஓடுகிறவர்கள் இருக்கலாம் என்பதால் ஒன்று: வலி நடுப்பகுதியிலா, ஒட்டும் இடத்திலா என்று தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் பயிற்சியைச் செய்யாதீர்கள். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்குகிற பயிற்சி (15 முறை, 3 செட், முழங்கால் நேராக வைத்து ஒருதரம், மடக்கி ஒருதரம், நாளுக்கு இரு வேளை, 12 வாரம்) நடுப்பகுதி வலிக்கானது. ஒட்டும் இடத்து வலிக்கு அதையே செய்தால் நசுக்கல் கூடி வலி மோசமாகும். அவர்கள் சமதரையிலேயே குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும், தரைக்குக் கீழே போகக் கூடாது. தொடக்கத்தில் பாதித் தூக்கிய நிலையில் 45 விநாடி நிறுத்திப் பிடிப்பது, 5 முறை, இடையில் 2 நிமிடம் ஓய்வு. ஷூவுக்குள் 10 மி.மீ. குதிகால் மெத்தை சில வாரங்களுக்கு உதவும். கெண்டைக்காலை நீட்டி இழுக்கிற ஸ்ட்ரெச்சை நிறுத்துங்கள், இதமாகத்தான் இருக்கும், மறுநாள் காலை தெரியும். அளவுகோல் அந்த மறுநாள் காலைதான்: படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் பத்து அடியில் விறைப்பு நேற்றைவிடக் கூடியிருந்தால் நேற்றைய சுமை அதிகம்.

---

கொங்குத் தடகளம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இடித்த கால் வேறு, அறுந்த கால் வேறு என்பதை இத்தனை ஆண்டுகளில் யாரும் சொல்லி நான் படித்ததில்லை. 7 ஸ்டெப் மாற்றம் பற்றி யாராவது சொல்லுங்களேன். அது இல்லாவிட்டால் லண்டனில் ஓடியிருப்பாரா?

---

சிவகாசி ஸ்பைக்ஸ் எழுதியது:

என் கருத்தில் 7 ஸ்டெப்புக்குப் பங்கு உண்டு. காரணம் சொல்கிறேன்.

உதைக்கும் புள்ளி வரை உள்ள தூரம் 11.6 மீட்டர் என்று வைத்தால் 8 ஸ்டெப்பில் சராசரி 1.45 மீட்டர், 7 ஸ்டெப்பில் 1.66 மீட்டர். 1.85 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஆளுக்கு (லியு 1.89) 7 ஸ்டெப் ஏறக்குறைய இப்படிப் போகும்: 0.85, 1.35, 1.60, 1.80, 1.95, 2.05, 2.00. கடைசி ஸ்டெப் முந்தையதைவிடச் சற்றுக் குறைய வேண்டும், அப்போதுதான் இடுப்பு பாதத்துக்கு மேலே சீக்கிரம் வந்து உதை முன்னோக்கிப் போகும். 8 ஸ்டெப்பில் முதல் ஸ்டெப்பையே 0.60 போலச் சிறிதாக வைத்து நிதானமாக ஏற்ற முடியும். 7-இல் முதல் உந்துதலிலேயே தூரத்தைப் பிடித்தாக வேண்டும். ஒவ்வொரு தரைத்தொடுகையும் கனமாகும்.

மாறியதன் நோக்கம் தெளிவு. லியு தொடக்கத்தில் எப்போதும் சற்றுப் பின்தங்குவார், ஐந்தாவது தடைக்குப் பிறகுதான் ஆட்களை விழுங்குவார். 2008 ஜூனில் ஓஸ்ட்ராவாவில் 12.87 ஓடி லியுவின் 12.88 சாதனையை முறியடித்த கியூபாவின் டைரோன் ரோப்லஸ் 7 ஸ்டெப் ஆள். முதல் தடையைத் தாண்டி இறங்கும் நேரம் உலகத் தரத்தில் 2.5 விநாடியை ஒட்டி இருக்கும். அதற்குப் பிறகு ஒரு தடையிலிருந்து அடுத்ததற்கு ஏறக்குறைய 1.0 விநாடி, கடைசி ஓட்டம் 1.3 சொச்சம். இடையில் உள்ள ஒன்பது அலகுகளில் லியுவிடம் இனிக் குறைக்க அதிகம் இல்லை. குறைக்க முடிந்த ஒரே இடம் அந்த முதல் 2.5. பயிற்சியாளர் சுன் ஹைபிங் அதில் கைவைத்தார். 2011 மே ஷாங்காயில் 7 ஸ்டெப்போடு 13.07. 2012 மே அதே ஊரில் 12.97. ஜூன் 2 யூஜினில் 12.87, ஆனால் காற்று விநாடிக்கு 2.4 மீட்டர், அனுமதி 2.0 என்பதால் சாதனைக் கணக்கில் சேரவில்லை. அந்த வேகத்தில் முதல் தடைக்கு வருவதே ஏற்கெனவே கத்தி பட்ட காலுக்கு அதிகம் என்பது என் எண்ணம்.

---

ஒன்பதாவது தடை எழுதியது:

சிவகாசி நண்பர் தந்த எண்களோடு ஒத்துப்போகிறேன், முடிவோடு ஒத்துப்போகவில்லை.

ஸ்டெப்பை ஒற்றைப்படையாக்கினால் பிளாக்கில் கால்கள் இடம் மாறும். 8 ஸ்டெப்பில் முன் பிளாக் கால்தான் கடைசியில் உதைக்கும் கால். 7 ஸ்டெப்பில் பின் பிளாக் கால் உதைக்கும் காலாகிவிடும். லீட் லெக் இடது என்பது மாறாது என்பதால் 2011 முதல் அவருடைய வலது கால் பின் பிளாக்குக்குப் போனது. முன்பு பிசியோ சொன்னாரே, குதிகால் மடங்கி நசுங்கும் முன் பிளாக் நிலை, அதிலிருந்து வலது காலுக்கு விடுதலை கிடைத்தது. தொடுகைகளையும் எண்ணிப் பாருங்கள். 8 ஸ்டெப்பில் வலது 2, 4, 6, 8. ஏழில் வலது 1, 3, 5, 7. இரண்டிலும் நான்கே. ஒரு தொடுகை குறைந்தது இடது காலுக்குத்தான். ஒவ்வொரு தொடுகையும் கனமானது என்பது சரி. ஆனால் மாற்றம் வலது காலுக்குக் கெடுதல் மட்டுமே செய்தது என்று சொல்ல முடியாது.

அதோடு, 8 ஸ்டெப்பிலேயே தொடர்ந்திருந்தால் லண்டனில் பதக்கம் கிடைத்திருக்குமா என்று பாருங்கள். தங்கம் ஏரிஸ் மெரிட், 12.92. அவரும் அந்தப் பருவத்துக்காக 8-இலிருந்து 7-க்கு மாறியவர். ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 7 அன்று பிரஸ்ஸல்ஸில் 12.80 ஓடி உலக சாதனை. போட்டியே அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. 27, 28 வயதில், உலக சாதனை, ஒலிம்பிக் தங்கம், உலகப் பட்டம் மூன்றையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்த ஒருவர், ஆயிரக்கணக்கான முறை உடம்பில் பதிந்துபோன தொடக்கத்தை அழித்துவிட்டு எதிர்க் காலில் புதிதாகக் கற்றுக்கொண்டார். இதை விபத்துக்குக் காரணமாக மட்டும் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தடை ஓட்டத்தில் இதைவிடத் துணிச்சலான வேலை குறைவு.

இளையவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு 7-க்குத் தாவப் போகிறீர்கள் என்றால், தடையை எடுத்து ஓரமாக வையுங்கள். முதலில் பிளாக்கில் காலை மாற்றிப் போட்டுச் சமதரையில் ஆறு வாரம். 11.6 மீட்டரில் ஒரு டேப்பை ஒட்டி, ஏழாவது பாதம் அதற்குள் வலிந்து எட்டாமல் விழுகிறதா என்று பாருங்கள். பத்தில் எட்டு முறை விழுந்தால் 91.4 செ.மீ. தடை, பிறகு 99.1, கடைசியில் 106.7. எட்டவில்லை என்பதற்காகக் கடைசி இரண்டு ஸ்டெப்பை நீட்டினால் பாதம் உடம்புக்கு வெகு முன்னால் போய் ஊன்றும், வேகம் அங்கேயே செத்துவிடும், அந்தப் பிரேக் முழுக்க அக்கிலிஸிலும் தொடைப் பின்தசையிலும் இறங்கும். உயரமும் தொடக்க பலமும் போதாதவர்கள் 8-இலேயே இருப்பது நல்லது. 8 ஸ்டெப்பில்தான் 12.88 ஓடப்பட்டது.

---

பிசியோ தென்காசி எழுதியது:

ஸ்டெப் விவாதத்தில் ஒரு திருத்தம் மட்டும். பல ஆண்டுகள் நோயுற்ற தசைநாரின் உள்நார்கள் சீராக அடுக்கப்பட்டிருக்காது. அது எந்த ஸ்டெப்பிலும், சில சமயம் பயிற்சியிலேயேகூட அறுந்துபோகலாம். கடைசிச் சொட்டு எது என்று தேடுவதில் பயனில்லை. லண்டனுக்கு முந்தைய மாதமே ஒரு போட்டியில் இறுதிச் சுற்றில் ஓடாமல் விலகியிருந்தார், முதுகுத் தசை காரணம் என்று சொல்லப்பட்டது. ஒரு பக்கக் கால் சரியில்லாதபோது முதுகும் இடுப்பும் ஈடுகட்டப் போய்த் தாமும் மாட்டிக்கொள்வது வழக்கம்.

மைதானத்தில் இது நடந்தால் செய்ய வேண்டியது: குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல, சில சமயம் "டப்" என்ற சத்தத்தோடு வந்தால், ஆளைக் குப்புறப் படுக்கவைத்துப் பாதம் மேசை விளிம்புக்கு வெளியே தொங்க, கெண்டைக்கால் சதையை அழுத்துங்கள். பாதம் கீழ்நோக்கி அசையாவிட்டால் தசைநார் முழுதாக அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். கால்விரல்களை அசைக்க முடிகிறதே என்று ஏமாறாதீர்கள், அதற்கு வேறு தசைகள் உண்டு. பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டி, ஊன்றவிடாமல் மருத்துவமனைக்கு. இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் முனைகள் நன்றாகச் சேரும்.

சேர்ந்த பிறகும் சிக்கல் உண்டு. தசைநார் சில மில்லிமீட்டர் நீண்டு ஆறிவிட்டாலே கெண்டைக்கால் தசை எப்போதும் தளர்ந்த கயிற்றை இழுப்பது போல இழுக்கும். நடக்க, ஓட, மாடி ஏற அது போதும். ஒற்றைக் காலில் 25 முறை குதிகால் தூக்க முடிகிறதா, எதிர்க் காலின் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது வருகிறதா என்பது குறைந்தபட்சத் தேர்வு. 110 மீட்டர் தடைக்கு அதுவும் போதாது. உதைக்கும் பாதம் தரையில் இருப்பது நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் முழு விறைப்பு வந்தாக வேண்டும். லியு லண்டனுக்குப் பிறகு மீண்டும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்ப முயன்றார். பந்தயம் ஓடும் நிலைக்கு அந்தக் கால் திரும்பவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஓய்வை அறிவித்தார்.

---

மூன்றாம் பாதை எழுதியது:

எந்த ஓட்டத்தைப் பார்ப்பது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் 2007 ஒசாகா உலகப் போட்டி இறுதி. அவருக்கு ஒன்பதாவது பாதை, வெளி ஓரம். போட்டியாளர்கள் எல்லாரும் ஒரே பக்கத்தில், தூரத்தில். 12.95-இல் தங்கம், ட்ராமல் 12.99, டேவிட் பெய்ன் 13.02. ஓரத்துப் பாதையில் பக்கத்து ஆளின் தாளம் தொந்தரவு செய்யாது, தூண்டவும் செய்யாது. ஆறாவது தடையிலிருந்து பாருங்கள். தலை ஒரே மட்டத்தில் போகும், தடை இருப்பதே தலைக்குத் தெரியாதது போல.

அடுத்து 2010 நவம்பர் குவாங்சோ ஆசியப் போட்டி, 13.09. அதே ஆண்டு மார்ச்சில் தோஹா உள்ளரங்க உலகப் போட்டியில் ஏழாவதாக வந்தவர். அந்த ஏழாமிடத்தைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்க வேண்டும். உள்ளரங்கில் 60 மீட்டருக்கு ஐந்தே தடை, பின்பாதியில் பிடிக்கிற அவருடைய பலத்துக்கு அங்கே இடமே இல்லை.

மூன்றாவது, என் பார்வையில் மிகச் சிறந்தது, 2011 டேகு உலகப் போட்டி இறுதி. இதை நிதானமாக, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ரோப்லஸும் லியுவும் அடுத்தடுத்த பாதை. பின்பாதியில் லியு முந்தத் தொடங்கும் நேரத்தில் ரோப்லஸின் வலது கை லியுவின் இடது கையில் படுகிறது, கடைசித் தடை அருகே மறுபடியும். தடை ஓட்டத்தில் கை அலங்காரத்துக்கு இல்லை. ட்ரெயில் லெக், அதாவது பின்னால் தாண்டும் கால், சுற்றி வரும்போது உடம்பு திருகாமல் இருக்கக் கைகள் சரியாக அதே வேகத்தில் ஈடுகொடுக்க வேண்டும். ஒரு கையை ஒரு கணம் பிடித்தால் இடுப்பு திரும்பிவிடும், பின்னால் வரும் கால் தடையில் படும், இறங்கும்போது நேராக இறங்க முடியாது. அப்படித்தான் ஆனது. ரோப்லஸ் 13.14-இல் முதலாவதாகக் கடந்தார், ஜேசன் ரிச்சர்ட்சன் 13.16, தடுமாறியும் லியு 13.27. சீன அணி முறையிட்டது, ரோப்லஸ் தகுதி நீக்கம், தங்கம் ரிச்சர்ட்சனுக்கு, லியுவுக்கு வெள்ளி. முழுதாகக் குணமாகாத காலோடு, புதிதாகக் கற்ற தொடக்கத்தோடு, கடைசி இரண்டு தடை வரை தங்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். அந்த ஓட்டத்தின் முதல் எட்டுத் தடைகளை 2004 ஏதென்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எத்தனை வேறான ஓட்டக்காரர் என்று தெரியும்.

இந்தத் தலைமுறையே காயத்தோடு ஓடிய தலைமுறை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லண்டன் இறுதியில் ரோப்லஸ் தொடைப் பின்தசை பிடித்துப் பாதியில் நின்றார். மெரிட்டின் கதை இன்னும் கடினம். 12.80 சாதனைக்குப் பிறகு சிறுநீரகங்கள் செயலிழந்துவந்தன. 2015 ஆகஸ்ட் 28 அன்று பெய்ஜிங்கில், லியு வெளியேறிய அதே அரங்கில், 13.04 ஓடி வெண்கலம் வாங்கினார். நான்கே நாளில் சகோதரி கொடுத்த சிறுநீரகத்தை மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சை. அடுத்த ஆண்டு அமெரிக்கத் தகுதித் தேர்வில் நான்காமிடம், 0.01 விநாடியில் ரியோ வாய்ப்பு போனது. அவரைத் தோற்றவர் என்று யாராவது சொல்வார்களா?

லண்டன் வீடியோவை மறுபடி பார்க்கப் போகிறீர்கள் என்றால் விழுகிற இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். எழுந்து வெளியே போகும் வழிக்குத் தத்திப் போனவர் அங்கிருந்து திரும்பி வருவார். எத்தனை தத்தல் என்று எண்ணுங்கள், எல்லாம் இடது காலில். கடைசித் தடையருகே தன் பாதைக்குள் வந்து குனிவார். கோட்டுக்கு அப்பால் ஹங்கேரியின் பாலாஷ் பாயி வந்து அவர் கையைப் பிடித்து மேலே தூக்குவார், வென்றவர் கையைத் தூக்குவது போல. பிரிட்டனின் ஆண்டி டர்னரும் ஸ்பெயினின் ஜாக்சன் கினியோனெஸும் தாங்கிக்கொண்டு போய்ச் சக்கர நாற்காலியில் உட்காரவைப்பார்கள். மூவரும் அதே தகுதிச் சுற்றில் அவருக்கு எதிராக ஓடியவர்கள்.

---

கொங்குத் தடகளம் எழுதியது:

டேகு ஓட்டத்தைக் கால் வேகத்தில் வைத்து இப்போதுதான் பார்த்தேன். ஒன்பதாவது தடையில் இடது கை தடைபட்டு நிற்பது தெளிவாகத் தெரிகிறது. ஒரே ஒரு சந்தேகம்: அந்த இறுதியில் முதல் தடைக்கு வலது காலைப் பின் பிளாக்கில் வைத்துத்தான் கிளம்புகிறாரா? கேமரா கோணத்தில் சரியாகப் பிடிபடவில்லை.

---

ஒன்பதாவது தடை எழுதியது:

பிளாக்கைப் பார்க்க வேண்டாம், கிளம்பிய பிறகு முதலில் தரையைத் தொடுவது எந்தப் பாதம் என்று பாருங்கள். முதல் தொடுகை வலது என்றால் பின் பிளாக்கில் இருந்தது வலது. அங்கிருந்து ஏழு எண்ணினால் உதைக்கும் காலில் வந்து நிற்கும். ஏதென்ஸ் வீடியோவில் முதல் தொடுகை இடதாக இருக்கும், எட்டு எண்ண வேண்டும்.